படகுக்கு ஒரு வாரம் விடுங்கள்: கடலூர் விசைப்படகு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் விசைப்படகு வைத்துத் தொழில் நடத்தும் உரிமையாளர்களுக்கு முத்தாண்டிக்குப்பத்திலிருந்து எழுதுவது:

திருவள்ளூர் முதல் கன்னியாகுமரி வரை நீளும் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலிறங்கக் கூடாது என்ற விதியை உங்களுக்கு எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2001இல் 45 நாளாகத் தொடங்கி 2017இல் 61 நாளாக நீட்டிக்கப்பட்ட அந்தத் தடையின் சுமையைத் தாங்கி வருபவர்கள் நீங்களும் உங்கள் படகுகளில் ஏறும் தொழிலாளர்களுமே. உங்களிடம் சொல்லியே ஆக வேண்டியது அந்த 61 நாளின் கடைசி இரண்டு நாளைப் பற்றியது. படகைக் கரையேற்றிய கையோடு செய்திருக்க வேண்டிய வேலைகளையும் இடையில் செய்திருக்கக்கூடிய வேலைகளையும் தள்ளிக்கொண்டே வந்து, தடை நீங்குவதற்கு முந்தைய சனி, ஞாயிறில் கலப்பத்து, வண்ணப்பூச்சு, இயந்திரம், வலையேற்றம், ஐஸ், டீசல் என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்து, நள்ளிரவு கடந்ததும் படகை முகத்துவாரத்தை நோக்கித் திருப்பிவிடும் வழக்கம் உங்களுள் பலரிடம் வேரூன்றியுள்ளது. 2025இல் ஜூன் 14 சனிக்கிழமையாக அமைந்தது. 2026இல் அது ஞாயிற்றுக்கிழமை. வார இறுதியும் தடையின் இறுதியும் இவ்வாறு ஒன்றாக வந்து சேரும் ஆண்டுகளில் அந்த அவசரம் இன்னும் கூடுகிறது என்பதாலும், அதன் விலையைப் படகின் பதிவுச் சான்றில் பெயரில்லாதவர்கள் கொடுக்க நேர்கிறது என்பதாலும் இம்மடல் எழுதப்படுகிறது.

நெய்வேலிச் சுரங்கங்களுக்கும் பண்ருட்டிப் பலாத்தோப்புகளுக்கும் அருகே, செம்மண் நிலத்தில் முந்திரி வளர்க்கும் ஓர் உள்நாட்டு ஊருக்குப் படகைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது, அதற்கு விடையும் உண்டு. முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் நுண்ணிய அறைகளில் தேங்கி நிற்பதும், தோலில் பட்டால் பொசுக்கிவிடுவதுமான கரிய எண்ணெய், கண்ணாடியிழையும் நைலானும் வருவதற்கு முன்பிருந்தே நாட்டுப்படகுகளின் மரத்துக்கும் பருத்தி வலைகளுக்கும் காப்பாகப் பூசப்பட்டு வந்தது. மரத்தை அரிக்கும் பூச்சியும் பூஞ்சையும் அதை அண்டத் தயங்கும் என்பதே அதற்குக் காரணம். அந்த எண்ணெயிலிருந்து இன்று பிரித்தெடுக்கப்படும் கார்டனால் என்னும் வேதிப்பொருள், கப்பல்களுக்கும் படகுகளுக்கும் அடிக்கப்படும் எப்பாக்சி பூச்சுகளை இறுகச் செய்யும் கலவைகளைத் தயாரிக்க உலகெங்கும் பயன்படுகிறது. ஆகவே முந்திரிக்காட்டின் விளைச்சல் ஏதோ ஒரு வடிவில் படகின் அடிப்பலகை வரை வந்து சேர்கிறது. படகின் விளைச்சல் உள்நாட்டுச் சந்தைகள் வரை வந்து சேர்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், உங்கள் கரையில் படகுகளை உடைத்த அதே காலையில் பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. மறுநடவு செய்த முந்திரி காய்ப்புக்கு வரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களுக்கு, தொழிற்கருவி அழிந்தவரின் நிலை எத்தகையது என்பது தெரியும். அந்தத் தோழமையின் பெயரால் இம்மடலைப் படியுங்கள்.

உங்கள் அவசரத்துக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. அவற்றை மறைத்துவிட்டுப் பேசுவது அறமாகாது. தடைக்காலத்தில் வருமானம் நின்றுபோகிறது. மர வேலைக்கும் இயந்திர வேலைக்கும் வலைக்கும் வேண்டிய பணத்தை வியாபாரிகளிடம் முன்பணமாகவோ வட்டிக்கோ வாங்க வேண்டியிருப்பதால், கடன் வாங்கும் நாளைத் தள்ளிப்போடுவதே வட்டியைக் குறைக்கும் வழியாகத் தோன்றுகிறது. மேற்குக் கரையில் கேரளத்தின் இழுவைப்படகுத் தடை ஜூன் 9 முதல் ஜூலை 31 வரை நீடிப்பதால், ஜூன் நடுவில் கிழக்குக் கரையிலிருந்து போகும் மீனுக்கு அங்கே நல்ல விலை கிடைக்கிறது. இரண்டு மாதம் இழுவை மடி படாத கடலில் முதல் வலைகள் நிறையவும் வருகின்றன. முதல் நாளைத் தவறவிட்டவர் ஆண்டின் சிறந்த விலையைத் தவறவிட்டவராகிறார் என்ற கணக்கு பொய்யன்று. தச்சர்களும் இயந்திரப் பணியாளர்களும் படகுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப இல்லை என்பதும், எல்லாரும் ஒரே வாரத்தில் அழைப்பதால் எவருக்கும் அவர்கள் முழுதாகக் கிடைப்பதில்லை என்பதும் உண்மையே. ஆனால் இக்காரணங்கள் அனைத்தும் பணத்தையும் நேரத்தையும் பற்றியவை. மரம், பசை, எண்ணெய், காற்று ஆகியவற்றுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அவை தத்தம் இயல்புக்கு உரிய காலத்தைக் கேட்கின்றன.

மரத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் துறைமுகத்தில் எஃகுப் படகுகளும் மரத்தின்மேல் கண்ணாடியிழை போர்த்திய படகுகளும் இருப்பினும், மரப்படகுகள் இன்னும் தொழிலில் உள்ளன. ஏப்ரல், மே மாத வெயிலில் கரையில் கிடக்கும் மரப்படகின் பலகைகள் ஈரத்தை இழந்து சுருங்குகின்றன. ஏரா எனப்படும் அடிக்கட்டையை ஒட்டிய பலகைகளிலும், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வெயில் நேராகப் படும் பலகைகளிலும் இடைவெளி விடுகிறது. இந்த இடைவெளிகளில் பஞ்சுத்திரியை உளியாலும் சுத்தியாலும் இறுக்கித் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் கலந்த பசையாலோ இன்றைய செயற்கைப் பசைகளாலோ அடைக்கும் வேலையே கலப்பத்து. திறமையான கைகள் செய்த கலப்பத்துகூட முழுமை பெறுவது கரையிலன்று. படகு நீரில் இறங்கி, பலகைகள் மீண்டும் நீர் குடித்து ஊதி, திரியை இருபுறமும் நெரித்துப் பிடிக்கும்போதுதான் அது முழுமை பெறுகிறது. அதற்குச் சில நாள் ஆகும். அந்த நாள்களில் படகுக்குள் நீர் கசியும். கசிவு நாளுக்கு நாள் குறைகிறதா, ஒரே இடத்தில் நிற்காமல் வருகிறதா என்று பார்த்தால்தான் எது மரம் ஊதும்வரை வரும் இயல்பான கசிவு, எது தவறிப்போன அடைப்பு என்று பிரித்தறிய முடியும். சனிக்கிழமை அடைத்து, ஞாயிற்றுக்கிழமை இறக்கி, அன்றே டன் கணக்கில் ஐஸும் டீசலும் ஏற்றினால், காய்ந்த இணைப்புகள் ஊதுவதற்கு முன்பே பாரத்தால் கீழே அழுந்துகின்றன. கசிவு எந்த வகை என்பதைப் பிரித்தறியும் வாய்ப்பு அப்போது கடலில்தான் வாய்க்கிறது. அதை அறிபவர் நள்ளிரவில் இயந்திர அறையின் அடியில் நீர்மட்டத்தைப் பார்க்கும் தொழிலாளி.

கண்ணாடியிழை போர்த்திய படகு இச்சிக்கலிலிருந்து விடுபட்டது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அதுவும் திருத்தப்பட வேண்டியதே. பிசினில் இறுக்கியைக் கலந்தவுடன் அது சில மணி நேரத்துக்குள் கெட்டியாகிவிடுவதால் வேலை முடிந்ததாகத் தோன்றினாலும், அதன் முழு வலிமை பல நாள்களில் படிப்படியாகவே வருகிறது. அடியிலுள்ள மரம் ஈரமாக இருந்தாலோ, கொட்டலசு எனப்படும் ஓட்டுயிர்களைச் சுரண்டிய தடத்தில் உப்பு கழுவப்படாமல் இருந்தாலோ, புதிய அடுக்கு மரத்தோடு ஒட்டாமல் மேலே நின்றுவிடுகிறது. அலை அடிக்க அடிக்க அது உரிந்து, உள்ளே புகுந்த நீர் வெளியே தெரியாமல் மரத்தை மக்கச் செய்கிறது. கடலுயிர்கள் ஒட்டாமல் தடுக்கும் பூச்சுக்கும் ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே காயும் இடைவெளி வேண்டும் என்பதை டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் குறிப்பே சொல்கிறது. ஞாயிறு மாலைக்குள் பளபளக்க வேண்டும் என்பதற்காக அடிக்கப்படும் பூச்சு அழகுக்கு உதவலாம், அவ்வளவே.

இயந்திரத்தைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனெனில் தடை நீங்கிய முதல் நாள்களில் படகை நடுக்கடலில் நிறுத்தக்கூடியது பெரும்பாலும் டீசல் தொட்டியின் அடியில் கிடக்கிறது. பாதி நிறைந்த தொட்டி இரண்டு மாதம் சும்மா இருக்கும்போது, பகல் வெப்பத்துக்கும் இரவுக் குளிர்ச்சிக்கும் இடையே தொட்டியின் உட்சுவரில் காற்றின் ஈரம் நீர்த்துளிகளாகப் படிந்து அடியில் சேர்கிறது. டீசலும் நீரும் சந்திக்கும் அந்த மட்டத்தில் நுண்ணுயிர்கள் பெருகிச் சளி போன்ற கசடை உண்டாக்குகின்றன. துறைமுகத்தின் அசையாத நீரில் இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது, கசடு அடியிலேயே கிடக்கும். உப்பனாற்றைக் கடந்து, மணல் மேடிட்ட முகத்துவாரத்தில் படகு அலையேறித் தாழும்போது கசடு முழுவதும் கலங்கி வடிகட்டியை அடைக்கிறது. இயந்திரம் திணறி நிற்கிறது. படகு நிற்கவே கூடாத இடத்தில் அது நிற்கிறது. முகத்துவாரத்தைத் தாண்டிய பிறகு நின்றாலும் நிலைமை மேம்படுவதில்லை: கச்சான் என்று கடலோடிகள் சொல்லும் மேற்குக் காற்று ஜூன் மாதத்தில் கரையிலிருந்து கடலை நோக்கி வலுவாக வீசுவதால், இயந்திரம் இழந்த படகு கரைக்கு ஒதுங்காமல் கிழக்கே, ஆழ்கடலுக்குள் நகர்கிறது. வடகிழக்குப் பருவக் காலத்தில் இதே பழுது நேர்ந்தால் காற்று கரையை நோக்கித் தள்ளவாவது செய்யும். தடை நீங்கும் பருவத்தில் அந்த உதவியும் இல்லை. தொட்டியின் அடி வடிகாலைத் திறந்து நீரையும் கசடையும் வெளியேற்றி, வடிகட்டியை மாற்றி, மாற்று வடிகட்டிகளைப் படகில் வைத்து, முகத்துவாரத்துக்கு வெளியே சில மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது பெருஞ்செலவு கோரும் வேலையன்று. மீனுக்காக அன்றிச் சோதனைக்காக மட்டும் படகைச் சிறிது தூரம் வெளியே கொண்டுபோவதற்குத் தடைக்காலத்தில் மீன்வளத்துறையின் ஒப்புதல் தேவைப்படுமாயின், அதைத் தனித்தனியே கேட்காமல் சங்கமாகச் சேர்ந்து கேட்பது உங்களால் இயலும்.

ப்ரொப்பல்லரைச் சுழற்றும் தண்டு படகின் உடலைத் துளைத்து வெளியேறும் இடத்திலுள்ள அடைப்பு, இரண்டு மாதம் மின்னேற்றம் பெறாமல் வலுவிழந்த பேட்டரி, உப்புக்காற்றில் பச்சை பூத்த மின்கம்பி முனைகள், கையைப் பிடித்து இழுக்கக்கூடிய விஞ்சின் மூடப்படாத பற்சக்கரம் ஆகியவற்றை நீங்கள் இம்மடல் எழுதுவோரைவிட நன்கு அறிவீர்கள். பார்க்கப் பொழுதில்லை என்பதே குறை.

உயிர்காப்புக் கருவிகளைப் பற்றி வேறொரு முறையீடும் உண்டு. தடைக்காலத்தில் மீன்வளத்துறையினர் நடத்தும் நேரடி ஆய்வின்போது பதிவுச் சான்று, படகின் நீளம், இயந்திரத்தின் திறன், உயிர்காப்புச் சாதனங்கள் ஆகியவை பார்க்கப்படுகின்றன. அந்த ஒரு நாளுக்காக மிதவைச் சட்டைகள் வெளியே எடுக்கப்பட்டு, மறுநாள் சுக்கான் அறையின் பலகைக்கு அடியில் கட்டாகத் திணிக்கப்படுவது சரியா என்று எண்ணிப் பாருங்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்களை ஆழ்கடலில் சிதறடித்தபோது, கரையிலிருந்து செய்தி சொல்ல வழியில்லாத படகுகளின் நிலையை நாடே பார்த்தது. அதன் பின்னரே இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய, செயற்கைக்கோள் வழியாக இருபுறமும் செய்தி அனுப்பவல்ல டிரான்ஸ்பாண்டர் கருவிகளை 1 லட்சம் படகுகளில் பொருத்தும் நடுவண் அரசுத் திட்டம் வந்தது. கருவி படகில் இருப்பது ஒன்று. அதன் அபாயப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பதைப் படகிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருப்பது வேறொன்று. மிக உயர் அதிர்வெண் (VHF) வானொலியின் 16ஆம் அலைவரிசை உலகெங்கும் அபாய அழைப்புக்கு உரியது என்பதையும், கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களையும் அன்று முதன்முறையாகப் படகேறும் இளைஞனுக்குச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும். கடைசி ஞாயிற்றுக்கிழமையில் அந்த அரை மணி எவருக்கும் இருப்பதில்லை.

இவ்வளவையும் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடவும் வழியில்லை. மீன்பிடித்தலை உலகின் மிக ஆபத்தான தொழில்களுள் ஒன்றாக வகைப்படுத்திய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, 1999இல் இத்தொழிலில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 24,000 பேர் உயிரிழப்பதாக மதிப்பிட்டது. மீன்பிடித் தொழிலாளரின் பணிநிலை குறித்த 188ஆம் உடன்படிக்கையை அதே அமைப்பு 2007இல் ஏற்றது. மீன்பிடிக் கலங்களின் பாதுகாப்புக்கான 2012ஆம் ஆண்டின் கேப்டவுன் உடன்படிக்கையோ 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கலங்களையே கருத்தில் கொள்கிறது. உங்கள் படகுகள் அந்த அளவை எட்டுவதில்லை. பெரிய கப்பலுக்கு வகைப்பாட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் வந்து உடலைத் தட்டிப் பார்த்துச் சான்றளிக்கிறார். உங்கள் படகுக்கு அந்த ஆய்வாளர் நீங்களே. இது உங்களுக்கு அளிக்கப்பட்ட உரிமை. அதற்குள் அடங்கிய கடமை உங்களை விட்டு வேறெங்கும் போகாது.

கடமை யாருக்கு என்பதும் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். பங்கு முறையில், மீன் விற்ற தொகையிலிருந்து டீசல், ஐஸ் உள்ளிட்ட செலவு கழிக்கப்பட்டு எஞ்சியது படகுக்கும் தொழிலாளருக்கும் பிரிக்கப்படுகிறது. தொழிலுக்குப் போகாத நாளில் தொழிலாளிக்குப் பங்கு இல்லை. தடைக்கால நிவாரணமாக அரசு குடும்பத்துக்கு வழங்கும் தொகை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. இரண்டு மாதத்துக்கு அது எத்தனை நாள் வரும் என்பதைக் கணக்கிட உங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டாம். ஜூன் 14 அன்று இரவு படகின்முன் நிற்பவர் அறுபது நாள் கடனோடு நிற்கிறார். படகு சரியில்லை என்று அவருக்குத் தோன்றினாலும் ஏறமாட்டேன் என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. அவர் மறுக்காததை ஒப்புதலாக எடுத்துக்கொள்வது பெரும் தவறு. உங்களுள் பலரே ஒரு காலத்தில் பங்குக்குப் போய், பின்னர் படகு வாங்கியவர்கள். உங்கள் பிள்ளைகளும் தம்பிகளும் மைத்துனர்களும் இன்றும் அதே படகுகளில் போகிறார்கள். எனவே இந்த வாதம் அந்நியரைப் பற்றியது அன்று என்பதை நீங்களே அறிவீர்கள்.

இயந்திரங்களுக்கு நடுவே வாழும் நெய்வேலிச் சுற்றுவட்டாரம் பழகிய ஒரு நடைமுறை இங்கே பயன்படும். அனல்மின் நிலையத்தின் ஓர் அலகை ஆண்டுப் பராமரிப்புக்காக நிறுத்தும்போது, நிறுத்தும் நாளுக்கு முன்பே வேலைப்பட்டியல் எழுதப்படுகிறது; எந்த வேலை எந்த நாளில் முடியும், எதற்குப் பின் எது என்பது அதில் இருக்கும்; வேலை முடிந்த நாளும் மின்கட்டமைப்போடு இணைக்கும் நாளும் ஒன்றாக இருப்பதில்லை, இடையே சோதனை ஓட்டத்துக்கென நேரம் ஒதுக்கப்படுகிறது. அத்தகைய ஏற்பாடுகள் இருந்தும் 2020 மே, ஜூலை மாதங்களில் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் நேர்ந்த கொதிகலன் விபத்துகள் பல தொழிலாளர்களின் உயிரைப் பறித்தன. முந்திரிக்காட்டு ஊர்களுக்கு அந்தச் சாவுகள் தொலைவில் கேட்ட செய்திகளாக இருக்கவில்லை. ஏற்பாடு இருக்கும் இடத்திலேயே இழப்பு நேருமென்றால், ஏற்பாடே இல்லாமல் இரண்டு நாளில் முடுக்கிவிடப்படும் இயந்திரத்தை நம்பி மனிதர்களை எவ்வாறு அனுப்புவது?

ஆகவே உங்களிடம் முன்வைக்கப்படும் வேண்டுகோள் இது. படகைக் கரையேற்றும் ஏப்ரல் மாதத்திலேயே, ஓட்டுநரையும் மூத்த தொழிலாளர் ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டு அணியத்திலிருந்து கடைப்புறம் வரை படகைச் சுற்றிப் பார்த்துக் குறைகளை எழுதுங்கள். சென்ற பருவத்தில் எங்கே கசிந்தது, எந்தத் தாங்கு உருளை சத்தம் போட்டது என்பது அவர்களுக்கு அப்போதுதான் பசுமையாக நினைவிருக்கும். அடிப்பலகை, கலப்பத்து, கண்ணாடியிழை, பூச்சு ஆகிய வேலைகளை மே மாத இறுதிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். தச்சர்களையும் இயந்திரப் பணியாளர்களையும் ஒரே வாரத்தில் அனைவரும் இழுக்காமல், படகுகளுக்கு முறை வகுத்து ஏப்ரலிலேயே நாள் குறிப்பதைச் சங்கக் கூட்டத்தில் முடிவு செய்யுங்கள்; முன்கூட்டியே வேலை முடிப்பவருக்கு வட்டிச் சுமை கூடும் என்பதால், முறையில் முதலில் வருபவருக்குச் சங்க நிதியிலிருந்து குறுகியகால முன்பணம் தரும் வழியையும் அதே கூட்டத்தில் பேசுங்கள். ஜூன் 7ஆம் நாள் உங்கள் படகு நீரில் இருக்கட்டும். அதன்பின் வரும் ஒரு வாரத்தை மரம் ஊதவும், கசிவைக் கவனிக்கவும், இயந்திரத்தை அலையில் ஓட்டிப் பார்க்கவும், மிதவைச் சட்டையை ஒவ்வொருவரும் ஒருமுறை அணிந்து பார்க்கவும் விட்டுவிடுங்கள். கடைசிச் சனி, ஞாயிறு வலைக்கும் ஐஸுக்கும் அரிசி, தண்ணீருக்கும் உரியவையாக இருக்கட்டும். சுத்தியும் பிசினும் அந்த இரண்டு நாளில் படகின் பக்கம் வர வேண்டாம்.

புறப்படும் முன் படகு கடலுக்குத் தகுதியானது என்று சொல்லும் அதிகாரத்தை ஓட்டுநரிடம் கொடுங்கள். முழுவதும் பார்த்துவிட்டு இன்று வேண்டாம், நாளை போகலாம் என்று அவர் சொன்னால், அந்த ஒரு நாளைக்குத் தொழிலாளர்களுக்குப் பேட்டாவைக் கொடுத்து, படகைத் துறையிலேயே நிறுத்துங்கள். இதைச் சங்கத்தின் தீர்மானமாக எழுதி, அடுத்த தடைக்காலம் தொடங்குவதற்குள் துறைமுகத்தின் ஏலக்கூடத்தில் எல்லாரும் படிக்கும்படி ஒட்டுங்கள்.